கை கொடுத்த மருத்துவர் பால் பிராண்ட்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகத் தெற்கே சென்றால் செங்கல்பட்டு அதிகத் தொலைவில் இல்லை. அவ்வூரை அடுத்த திருமணியில் பழைய தொழுநோய் மருத்துவ நிலையம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் லேடி வில்லிங்டன் பெயரால் வழங்கிய அந்நிலையத்தை 1955ஆம் ஆண்டு நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிறுவனமாக விளங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளை நடத்துவோரும் அவற்றில் உழைப்போரும் அப்பக்கம் போய் வருகின்றனர். பழுதுபட்ட கைகளை மீட்டமைக்கும் அறுவை மருத்துவத்தில் ஒரு பெருந்திருப்பம் அந்த வளாகத்தில்தான் நேர்ந்தது என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றவுடன் முகப்பொலிவும் நடிகர் நடிகையரும் நம் நினைவுக்கு வருவது இயல்பாகிவிட்டது. அத்துறையின் பெரும்பகுதி அழகைப் பற்றியதன்று. தீயில் கருகிய தோலை மாற்றுவது, பிளந்த உதட்டை இணைப்பது, அழுத்த இயந்திரத்தில் சிக்கிய விரலை மீட்பது என்று, இழந்த உறுப்பை மீண்டும் உழைக்கச் செய்வதே அதன் மெய்யான பணி. கை ஒன்றையே முதலாகக் கொண்டு பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் நம் வட்டாரத்தில், கையைப் பற்றியே வாழ்நாள் முழுதும் சிந்தித்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருத்தமெனத் தோன்றிற்று.

அவர் பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். எனினும் பிறந்த மண் நம் கொல்லிமலை. 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி, தாய் எவலின் இருவரும் கிறித்தவ சமயத் தொண்டர்கள். மலைமக்களுக்கு வீடு கட்டிக்கொடுப்பதும் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்திடுவதும் அவர்களுடைய அன்றாடப் பணிகள். சிறுவன் பால் மரமேறியும் மலையோடைகளில் விளையாடியும் தமிழ் பேசியும் வளர்ந்தான்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஒருநாள் மூன்று மனிதர்கள் அவர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றனர், தொழுநோயாளிகள். எவர் வந்தாலும் தயங்காமல் தொட்டு மருந்திடும் தந்தை, அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப்போட்டார். தாய் ஒரு கூடையில் பழம் வைத்துக் கொடுத்தார். பழங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் சென்றபின், விட்டுச்சென்ற கூடை தீயிலிடப்பட்டது. பிள்ளைகள் அருகில் போகாதபடி தடுக்கப்பட்டனர். இத்தனைக்கும் அத்தம்பதியர் இரக்கத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அந்நோயைப் பற்றிய அச்சம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதே உண்மை.

ஒன்பதாம் அகவையில், 1923ஆம் ஆண்டு, படிப்பதற்காகத் தங்கையுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலேரியாவின் கொடிய வகையாகிய கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். தந்தி முந்தி வந்துவிட்டது. தந்தை முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் அதன் பிறகும் சில வாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதப்பட்ட அக்கடிதங்களை, எழுதியவர் இல்லை என்று அறிந்தே அச்சிறுவர் படித்தார்.

அவர் மருத்துவராக விரும்பவில்லை. சீழும் குருதியும் அவருக்கு அருவருப்பு. தந்தையைப் போல் வீடு கட்டத் தெரிந்தவராக மலைக்குத் திரும்ப எண்ணித் தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றார். பின்னர்த் தொண்டுக்குச் செல்வோருக்கான குறுகிய மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோது மனம் மாறியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்த காலம் அது. இரவு பகலாக வந்து குவிந்த காயமுற்றோரே அவருக்கு அறுவை மருத்துவத்தைக் கற்பித்தனர் எனலாம். 1943இல் உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார். உளியும் இழைப்புளியும் பிடித்த அந்த ஆண்டுகள் வீண் என்று அவர் ஒரு காலத்தில் வருந்தியதுண்டு. அவை எத்துணைப் பயன்பட்டன என்பதைப் பின்னால் காண்போம்.

1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவ ஆசிரியராக வந்து சேர்ந்தார். அவரை அழைத்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டு நிலையத்தைத் திறம்பட நடத்தியவரும், டாப்சோன் என்னும் மருந்தை இந்தியாவில் தொழுநோய்க்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரும் அவரே. 1947இல் ஒருநாள் காக்ரேன் தம் நிலையத்தைக் காட்டப் பிராண்டை அழைத்துச் சென்றார். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த நோயாளிகளின் கைகளைப் பிராண்டின் கண்கள் விட்டகலவில்லை. விரல்கள் பறவையின் நகம்போல் உள்நோக்கி மடங்கியிருந்தன; சில கைகளில் விரல்களே குறைந்திருந்தன. இவை ஏன் இப்படி ஆயின, இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று வினவினார். காக்ரேன் தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பும் மூட்டும் அறிந்தவர்கள்தாம் இதற்கு விடை கூற வேண்டும் என்றும், அவர்களுள் ஒருவரும் இதுவரை இப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சற்றுச் சினத்துடனேயே பதிலுரைத்தார். உலகில் கோடி மக்களுக்குமேல் வருத்திய நோய் அது. போலியோவால் ஊனமுற்ற கைகால்களுக்கு அறுவை மருத்துவம் வளர்ந்திருந்த அக்காலத்தில், தொழுநோயாளியின் கையை ஆராய்ந்தவர் எவருமில்லை.

பிராண்ட் ஓர் இளைஞரிடம் தம் கையை நீட்டி, முடிந்த அளவு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செயலற்றுத் தொங்கும் கை என்றே எண்ணியிருந்தார். அவ்விளைஞரின் நகங்கள் அவர் சதையில் பதிந்தன. வலி பொறுக்கமாட்டாமல் வாய்விட்டுக் கத்தினார். கத்திய அந்நொடியில் மகிழ்ச்சியும் பிறந்தது. இத்துணை வன்மையுள்ள தசைகள் இக்கையில் எங்கோ நலமாகவே இருக்கின்றன என்பது விளங்கிவிட்டது அல்லவா?

அதன்பின் தொடங்கியது ஆராய்ச்சி. வேலூரிலிருந்து குழுவாகச் செங்கல்பட்டுக்கு வந்து, நோயாளி நோயாளியாக, விரல் விரலாக, எத்தசை இயங்குகிறது, எத்தசை இயங்கவில்லை, எவ்விடத்தில் உணர்ச்சி உண்டு, எவ்விடத்தில் இல்லை என்று குறித்தனர். குறிப்புகள் பெருகப் பெருக ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நோய் கண்ட இடத்தில் கண்டபடி தாக்கவில்லை. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்தன. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளுள் பல நலமாக இருந்தன. இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை ஓர் இரவு ஆராயும் வாய்ப்புக் கிட்டியபோது காரணமும் தெரிந்தது. நரம்புகள் முழங்கைக்கு அருகிலும் மணிக்கட்டிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும், அதாவது தோலை ஒட்டி மேலாக ஓடும் இடங்களில் மட்டும், வீங்கித் தடித்திருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடும் இயல்புடையது. ஆழத்தில், வெதுவெதுப்பில் ஓடும் நரம்புகளையும் அவற்றை நம்பிய தசைகளையும் அது பெரும்பாலும் தீண்டுவதில்லை.

ஆகவே கெடாத தசை எது என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கெடாத தசையின் நாணை எடுத்து, கெட்ட தசையின் வேலைக்கு மாற்றி இணைக்கலாம். இதற்குத் தசைநாண் மாற்று அறுவை என்று பெயர். கலிபோர்னியாவின் ஸ்டெர்லிங் பன்னல் போன்றோர் நரம்பு அறுந்த கைகளுக்கு வகுத்திருந்த முறைகளைப் பிராண்ட் தொழுநோயாளியின் கைக்கு ஏற்பத் திருத்தினார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுள் ஒன்றை விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் அதை நீட்டி, நான்கு வாலாகப் பிரித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றாகக் கொண்டு சேர்த்தார். மோதிர விரலை மடக்கும் இரு நாண்களுள் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குத் தந்து, அது மற்ற விரல்களை எதிர்நின்று தொடும்படி செய்தார். கிணற்றுக் கயிற்றை உருளையில் ஏற்றுவோன் இழுவையின் திசையை எப்படிப் பார்ப்பானோ, அப்படித்தான் அவர் நாணின் வழியைப் பார்த்தார். விசையும் நெம்புகோலும் தச்சுப் பட்டறையிலேயே அவருக்குப் பழகியவை.

எதிர்ப்பும் இருந்தது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, கத்தி வைத்தால் ஆறாது என்பது மருத்துவர்களிடையேயும் வேரூன்றிய எண்ணம். பொது மருத்துவமனையில் அவர்களைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவர் என்ற அச்சம் வேறு. 1940களின் பிற்பகுதியில் மிகுந்த தயக்கத்தோடு தொடங்கிய முதல் அறுவைகள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. புண் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறியது. மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

இந்த இடத்தில் வெற்றி என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். நடந்தது வேறு. கை சீராகி ஊர் திரும்பியவர்களுள் சிலர் சில மாதங்களில் வாடிய முகத்துடன் வேலூருக்கு மீண்டனர். கையைப் பார்த்தால் நலமாக இருக்கிறது. பிச்சையிடுவோர் முன்போல் இரங்குவதில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருப்பதால் வேலை கொடுப்போரும் இல்லை, வீடு கொடுப்போரும் இல்லை. பழைய கையில் கிடைத்த பிழைப்பும் புதிய கையால் போயிற்று. அறுவை மேசையோடு தம் பணி முடிந்ததென நினைத்திருந்த மருத்துவருக்கு இது பேரிடி. 1950களின் தொடக்கத்தில், கல்லூரி வளாகத்திலேயே நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. எளிய குடிசைகள், நடுவே ஒரு பட்டறை. அறுவை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கி மரப்பொம்மைகள் முதலியன செய்து தொழில் கற்றனர். கற்பித்தவர்களுள் முதல்வர், உளி பிடிக்கத் தெரிந்த அறுவை மருத்துவரே.

அப்பட்டறைதான் அவருடைய மிகப்பெரிய கண்டுபிடிப்புக்கும் இடமாயிற்று. சீராக்கிய கைகளில் மீண்டும் புண் தோன்றியது. விரல்கள் மீண்டும் குறைந்தன. நோயே சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்கமாட்டாமல் பிராண்ட் திண்டாடியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. சாவியின் விளிம்பு எலும்பு தெரியும் அளவுக்குச் சதையை அறுத்திருந்தும் அவன் அதை அறியவே இல்லை. அன்றுமுதல் பட்டறையில் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடும் வழக்கம் வந்தது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது, சுத்தியல் பிடியிலிருந்த சிம்பு, விளக்கின் சூடு என்று காரணங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. இரவில் நன்றாயிருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. ஒருவர் விழித்திருந்து காவல் காத்தார். உறங்குவோரின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன்பின் நிலையத்தில் பூனைகள் வளர்ந்தன. வீடு திரும்புவோருடன் ஒரு பூனையும் சென்றது. பூனை இருக்குமிடத்தில் எலி நெருங்குவதில்லை. ஒரு மருத்துவமனை நோயாளிக்குப் பூனையை எழுதிக்கொடுத்த வரலாறு வேறெங்கும் உண்டோ, அறியேன்.

விரல்களைத் தின்றது நோயன்று; வலி இல்லாமையே. நாம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் உடல் தானாகவே காலை மாற்றுகிறது. சுடும் குவளையை நினைப்பதற்குமுன் கை விலகுகிறது. அக்காவல் அவர்களுக்கு இல்லை. வலியைப் பகையென்றே கருதும் உலகுக்கு, அது உடலின் காவலன் என்று இம்மனிதர் வாழ்நாள் இறுதிவரை எழுதியும் பேசியும் வந்தார்.

முகத்தின் பணியும் உடன் நடந்தது. நோய் மூக்கினுள் சவ்வைச் சுருக்கி மூக்கைத் தட்டையாக்கிவிடும்; மேலுதட்டின் உட்புறமாகச் சென்று சுருக்கத்தை விடுவித்து உள்ளே தோலொட்டு வைத்து மூக்கை நிமிர்த்தினர். இங்கு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மூக்கை மீண்டும் அமைக்கும் கலையில் உலகுக்கு மூத்தது நம் நாடு. சுசுருத சங்கிதை அதைக் கூறுகிறது. நெற்றித் தோலால் மூக்கமைக்கும் நம்மவர் முறையை 1794இல் இலண்டன் இதழொன்று வெளியிட, அதைக் கற்று ஜோசப் கார்ப்யூ என்பார் 1814இல் அங்கே செய்துகாட்டினார். புறப்பட்ட கலை பல கைகள் மாறி வேலூரில் வந்து சேர்ந்தது எனலாம். உதிர்ந்த புருவங்களுக்குத் தலைத்தோலின் ஒரு துண்டைக் குருதிக்குழாயுடன் கொண்டுவந்து பொருத்தினர். தலைமுடி ஆதலால் அது நீண்டு வளரும். வெட்டிக்கொள்ளச் சொன்னாலும், நெடுநாள் புருவமின்றி வாடியவர்கள் வெட்ட மனமின்றிப் பெருமையோடு வளர்த்தார்களாம். இமைக்க முடியாமல் பார்வை இழப்போரைக் காக்கும் பணியை, கண் மருத்துவரான அவர் துணைவியார் மார்கரெட் தமதாக்கிக்கொண்டார்.

1954இல் வேலூரின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். முகமும் சிதைந்தது. அறுவை மருத்துவராகும் கனவு முடிந்ததென அவர் கலங்கியிருந்த வேளையில், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று எடுத்துக்காட்டி அவரைச் சக்கர நாற்காலியிலேயே அறுவை அரங்குக்கு அழைத்துச் சென்றவர் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளை அம்மையார் திறம்படச் சீராக்கினார். பின் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவி நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். நடக்க முடியாத மருத்துவர் வந்து நிற்கவும் நடக்கவும் பயிற்றுவித்தபோது நோயாளிகளுக்கு வேறு ஊக்கம் தேவைப்பட்டிராது.

பிராண்டையும் அச்சம் ஒருமுறை பற்றியது. அமெரிக்கப் பயணம் முடித்து இங்கிலாந்தில் கப்பலிறங்கி இரயிலில் வந்த ஓர் இரவு, காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலி இல்லை. தொழுநோய் தம்மையும் தொற்றிவிட்டதென முடிவு செய்து, மனைவி மக்களை இனி எப்படி அணுகுவது என்று எண்ணி இரவு முழுதும் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியை ஏற்றினார், சுரீரென்று வலித்தது. நெடுநேரம் அசையாமல் இரயிலில் அமர்ந்திருந்ததால் மரத்துப்போன நரம்பு அது. தம் நோயாளிகள் ஒவ்வொருவரும் விடியாத அவ்விரவை வாழ்ந்தவர்கள் என்பதை அன்று உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார்.

1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையை இலங்கையின் மில்ராய் பால் முன்பே கையாண்டிருந்தார். பிராண்ட் அதை வளர்த்தார். நுண்துளை இரப்பரில் மெத்தென்ற காலணிகள் உருவாயின. பார்வைக்கு எளிய செருப்புத்தான். அது காத்த கால்கள் எத்தனையோ. பட்டங்களும் வந்தன: 1952இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் அரசுக் கல்லூரியின் ஹண்டேரியன் பேராசிரியர், 1960இல் லாஸ்கர் விருது, 1961இல் பிரிட்டிஷ் அரசின் சிறப்பு.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று 1986வரை அங்கே பணிபுரிந்தார். தமிழ்நாட்டில் கற்றது அங்கே வேறொரு நோய்க்கு உதவிற்று. நீரிழிவால் உணர்ச்சி இழந்த பாதங்களும் வலியின்மையாலேயே புண்படுகின்றன என்று காட்டி, மாவுக்கட்டு முறையையும் உரிய காலணியையும் அம்மருத்துவர்களிடையே பரப்பினார். நீரிழிவு மிகுந்த நம் வீடுகளில் இன்று காலை நாள்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கூறும்போது, அதில் செங்கல்பட்டின் பாடமும் கலந்திருக்கிறது. பெரிய காயத்தைவிடச் சிறிய அழுத்தம் ஆயிரம் முறை ஒரே இடத்தில் விழுவதே பாதத்தைக் கெடுக்கும் என்பதையும் அங்கே ஆராய்ந்தார்.

ஒரு முயற்சி மட்டும் தோற்றது. வலிக்குப் பதிலாக ஒலியெழுப்பும் கருவிகளைக் கையுறையில் பொருத்தி, ஆபத்தான அழுத்தம் நேர்ந்தால் எச்சரிக்கச் செய்தனர். அணிந்தவர்கள் ஒலி கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. அவசரமெனில் கருவியையே அணைத்துவிட்டனர். அணைக்க முடியாமை வலியின் பெருங்குணம் என்று கண்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்த அத்திட்டத்தை மனமொப்பிக் கைவிட்டார். தோல்வியை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை இவ்வறிஞரிடம் எனக்கு மிகவும் பிடித்த பண்பு.

கணவர் மறைந்தபின்னும் மலைகளை விட்டு நீங்க மறுத்து முதுமையிலும் மலைமக்களுக்காகவே உழைத்த தாய் எவலின் 1974இல் காலமாகிக் கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். மகன் சியாட்டில் நகரில் 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் பிறந்த நாளுக்குச் சில நாள் முன்னர் மறைந்தார். கூட்டு மருந்துகள் வந்தபின் தொழுநோய் தொடக்கத்திலேயே குணமாகும் நோயாகிவிட்டது. எனினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளுள் பாதிக்குமேல் இன்றும் நம் நாட்டவர். ஒளித்து வைக்கப்படுவதால் காலம் கடந்து வருவோரும் உளர்.

தசைநாண் மாற்று அறுவை இன்று தொழுநோயோடு நின்றுவிடவில்லை. சாலை விபத்திலோ தகடு வெட்டும் இயந்திரத்திலோ நரம்பு அறுந்து கட்டைவிரல் செயலிழந்த தொழிலாளிக்கும் அதுவே செய்யப்படுகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைகளுக்கென்றே தனித்துறை உண்டு. கட்டுப் பிரித்த நாளில் பயிற்சியாளர் அவரிடம் மோதிர விரலை மடக்கச் சொல்வார். அவர் மோதிர விரலை நினைத்து முயல, அசைவது கட்டைவிரலாக இருக்கும். நாண் இடம் மாறிவிட்டது. மூளைக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை. சில வாரங்கள் பழகியபின் நினைக்காமலே கட்டைவிரல் மற்ற விரலைத் தொடும். முதலில் ஒரு பஞ்சு உருண்டை, அப்புறம் ஒரு மரத்துண்டு, அதன்பின் ஒரு திருகாணி என்று எடுத்துப் பழகுவார்கள்.